பாலாத்துக்கு பீவர் எதுக்கு? மணலை விட்டுட்டுப் போங்க சாமிகளா!



அந்த செக் நாட்டு பீவர் மேட்டர் உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். வரலைன்னா நீங்க போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணவங்க. சுருக்கமா சொல்லிடறேன். செக் குடியரசில் பிர்டி என்று ஒரு பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதி. முன்னாடி ராணுவப் பயிற்சி இடமா இருந்தது. ராணுவம் வெட்டிவிட்ட வடிகாலால் காய்ந்துபோன ஈரநிலத்தை மீட்க 2018லேயே ஒரு அணைத் திட்டம் போட்டாங்க. நிலம் யாருது, அனுமதி யார் தரணும்னு ஏழு வருஷம் இழுத்தது. அதுக்குள்ள எட்டு பீவர்கள் வந்து, அதிகாரிகள் நினைச்ச இடத்துலயே கட்டி முடிச்சிடுச்சு. 2025 ஆரம்பத்தில் இது உலகச் செய்தி. மிச்சம் 3 கோடி கொருனா, நம்ம காசுக்கு சுமார் 10 கோடி ரூபாய்.

இதுவரைக்கும் சரி. அதுக்குக் கீழ நம்மாளு ஒட்டின வால்தான் பிரச்சினை: "நாலு பீவரைக் கொண்டாந்து நம்ம பாலாத்துல விடுங்கய்யா, பொதுப்பணித்துறையே தேவையில்லை." இதை வாலாஜாபாத் க்ரூப், காஞ்சிபுரம் க்ரூப், காலேஜ் க்ரூப்னு மூணு இடத்துல பார்த்துட்டேன். போதாக்குறைக்கு ஒருத்தர் பீவரை "நீர்நாய்"னு மொழிபெயர்த்து, காவிரியில் இருக்கிற நீர்நாய் போட்டோவையே போட்டிருந்தார். தலைவா, நீர்நாய் மீன் தின்னும். பீவர் எலி ஜாதி, மரப்பட்டையும் இலையும் தின்னும். நீர்நாயை நம்பி அணை கட்டினா உள்ள மீன்தான் காலியாகும். :-)

சிரிச்சாச்சா? இப்ப மேட்டருக்கு வருவோம். இந்த ஃபார்வர்டைப் போட்டவங்களோட சேர்த்து, "தடுப்பணை கட்டு, தடுப்பணை கட்டு"ன்னு தேர்தலுக்குத் தேர்தல் ஜல்லியடிக்கிறவங்களையும் இந்தப் பதிவுல ஒரு பிடி பிடிக்கிறதா உத்தேசம். ரெண்டு கோஷ்டியும் பீவர்கிட்ட இருந்து ஒரே தப்பான பாடத்தைத்தான் படிச்சிருக்காங்க.

பீவர் நம்மூருக்கு வந்தா என்ன ஆகும்?

செத்துப்போகும். அவ்வளவுதான்.

அது குளிர்நாட்டு விலங்கு. உலகத்துல ரெண்டே இனம், ஒண்ணு வட அமெரிக்காவில், இன்னொண்ணு ஐரோப்பா-ஆசியாவில். இந்தியாவில் கிடையாது. வருஷம் பூரா தண்ணி வேணும், வீட்டு வாசல் தண்ணிக்குள்ள மறைஞ்சு இருக்கணும். நம்ம பாலாறு வருஷத்துல பாதி நாளுக்கு மேல வெறும் மணல். இன்னொரு விஷயம், பீவர் சின்ன ஓடையில்தான் அணை கட்டும். பெரிய ஆறுன்னா அதுக்கும் தெரியும், நம்மால ஆகாதுன்னு கரையில வளை தோண்டிட்டு இருந்துடும். 2021 நவம்பர் வெள்ளத்துல பாலாத்துல விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல வந்துச்சு. வாலாஜாபாத்-அவளூர் தரைப்பாலமே தாக்குப்பிடிக்கலை, சுள்ளி அணை எந்த மூலைக்கு?

அப்படியே பிழைச்சுட்டா அது அதைவிட மோசம். 1946ல் அர்ஜென்டினாக்காரங்க கம்பளி ரோம வியாபாரத்துக்காக கனடாவில் இருந்து 20 பீவரை டியர்ரா டெல் ஃபியூகோ தீவில் கொண்டுபோய் விட்டாங்க. இன்னிக்கு அது ஒரு லட்சம் கணக்குல பெருகி, அந்த ஊர் ஆத்தோரக் காட்டையே அழிச்சிட்டு இருக்கு. அங்கத்து மரங்களுக்கு பீவர் பழக்கம் இல்லை, வெட்டினா திரும்பத் துளிர்க்கத் தெரியாது. வெளியூர் சரக்கை இறக்கி வாங்கிக் கட்டிக்கிட்ட அனுபவம் நமக்கு மட்டும் இல்லையா? சீமைக்கருவேலத்தை யார் கேட்டது? விறகுக்கு ஆகும்னு கொண்டாந்தாங்க, இப்ப ஏரி, ஆறு, வாய்க்கால் எல்லாம் அதுதான். ஆகாயத்தாமரையைப் பத்தித் தனிப்பதிவு போடலாம்.

ஆனா பிரிட்டன்ல வேற கதை. அங்க பீவர் பூர்வகுடி. வேட்டையாடி சுமார் 400 வருஷம் முன்னாடி ஒழிச்சுட்டாங்க. 2009ல் ஸ்காட்லாந்தின் நாப்டேலில் சோதனையா விட்டாங்க. 2015ல் இருந்து 2020 வரை டெவனில் ஆட்டர் ஆத்துல பார்த்தாங்க. 2025 மார்ச்சில் டார்செட்டில் சட்டப்படி அனுமதி கொடுத்து வெளியில விட்டாங்க. அவங்க செஞ்சது இறக்குமதி இல்லை, வீட்டை விட்டுத் துரத்தினவனைத் திரும்பக் கூப்பிட்டது. அந்த வித்தியாசம்தான் முழு மேட்டரும். அப்ப நாம கேட்க வேண்டிய கேள்வி, பாலாத்துல இருந்து நாம துரத்திவிட்டது யாரை? அல்லது எதை?

பீவர் அணை எதுக்கு நல்லது?

அது நல்ல அணை இல்லை. இதை முதல்ல மண்டையில ஏத்திக்கணும். ஒழுகும். நம்ம ஒப்பந்ததாரர் கட்டியிருந்தா நாமே போட்டோ எடுத்துப் போட்டு மானத்தை வாங்கியிருப்போம். குச்சி, சேறு, கல்லு, எல்லா இடுக்கிலும் தண்ணி கசியும். அந்தக் கசிவுதான் விஷயமே. வேகமா ஓடி வர்ற தண்ணி மெதுவாகும், கொண்டுவந்த மண்ணைக் கீழே போடும். வருஷா வருஷம் படிஞ்சு படிஞ்சு ஓடையோட தரை மேல ஏறும். தரை ஏறினா பக்கத்து நிலத்துக்கும் தண்ணிக்கும் விட்டுப்போன உறவு திரும்ப வரும். கிணறு ஊறும், கரையில புல்லு பூண்டு வரும், பறவை வரும்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துல பிரிட்ஜ் க்ரீக்னு ஒரு ஓடை. அரிச்சு அரிச்சு பள்ளத்துல இறங்கி, கரைக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இல்லாம போச்சு. 2009ல் இருந்து ஆளுங்களே மரக்கம்பை ஆத்துல அடிச்சு, சுள்ளி பின்னி, பீவர் அணை மாதிரியே கட்டிவிட்டாங்க. பீவர் வந்து மிச்ச வேலையைப் பார்த்துக்கிச்சு. நிலத்தடி நீர் ஏறுச்சு, மீன் குஞ்சு பிழைக்கிற அளவும் ஏறுச்சுன்னு 2016ல் ஆய்வு வந்தது.

மரக்கம்பு அடிச்சு, சுள்ளி பின்னி... எங்கயோ கேட்ட மாதிரி இல்லை? அதுதாங்க நம்ம கொரம்பு! திருச்சி பக்கத்து ஆளுங்களுக்கு இது தெரிஞ்ச வார்த்தை. தண்ணி குறைஞ்ச காலத்துல ஆத்துக்குக் குறுக்கே மணல், தழை, மூங்கில் போட்டு வாய்க்காலுக்குத் தண்ணி திருப்புறது. வெள்ளம் வந்தா அடிச்சுட்டுப் போகும். போகட்டும், திரும்பக் கட்டிக்கலாம்.

பாலாத்துல இன்னும் சூட்சுமமா ஒண்ணு இருந்தது. ஊற்றுக்கால்வாய். ஆத்து மணலுக்குள்ள ஓடற தண்ணியை, மணல்ல சரிவா ஒரு கால் வெட்டி வெளியில எடுத்துக்கிட்டு வந்து வயலுக்குப் பாய்ச்சறது. மேல பார்த்தா ஆறு வறண்டு கிடக்கும், வாய்க்கால்ல பளிங்கு மாதிரி தண்ணி ஓடும். பழைய வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்களில் பாலாத்தங்கரைப் பாசனத்துல இதுக்குப் பெரிய பங்கு. மோட்டார் கிடையாது, கரண்டு பில் கிடையாது. மாட்டுப் பொங்கலுக்கு பார்வேட்டைக்குப் பழையசீவரம் வர்ற காஞ்சிபுரம் வரதர் பாலாத்தைத் தாண்டி திருமுக்கூடல் போறார் இல்லையா, அவரைத் தூக்கிட்டு நடக்கறவங்க காலுக்குக் கீழேதான் அந்த ஆறு ஓடிட்டு இருந்தது.

இப்ப கணக்கு

ஆத்தோட நீளம் 348 கி.மீ. நந்தி மலைப்பக்கம் பிறந்து கர்நாடகாவில் 93, ஆந்திராவில் 33, நம்ம பக்கம் 222 கி.மீ ஓடி வாயலூர்ல கடல்ல சேருது. நம்ம பக்கத்துல ஒரே ஒரு கி.மீ எடுத்துக்குங்க. அகலம் அரை கி.மீ, மணல் ஆழம் ஒரே ஒரு மீட்டர்னு வச்சுப்போம். 5 லட்சம் கன மீட்டர் மணல். நல்ல ஆத்து மணல்ல ஐந்தில் ஒரு பங்கு எடுக்கக்கூடிய தண்ணி நிக்கும். அதாவது ஒரு லட்சம் கன மீட்டர், 10 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில சுமார் 8,300 லோடு. ஒரு கி.மீக்கு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு, ஒரு தடவை ஆறு நிரம்பினா. அணை கட்டாம, டெண்டர் விடாம, ரிப்பன் வெட்டாம.

இங்க ஒரு புத்திசாலி வருவார். "மணலை அள்ளிட்டா பள்ளம் ஆகுது. பள்ளத்துல முழுசா தண்ணி நிக்குமே? மணல்ல ஐந்தில் ஒரு பங்குதானே?" அண்ணாச்சி, நம்ம ஊர் வெயில்ல திறந்து கிடக்கிற தண்ணி வருஷத்துக்கு ஆறடி ஆவியாப் போகும். மணல்ல ரெண்டடிக்குக் கீழே போய்ட்டா வெயிலால ஒண்ணும் பெருசா புடுங்க முடியாது. அப்புறம் அந்தப் பள்ளத்துல களிமண் படிஞ்சு அடி மூடிக்கும், கீழ இறங்கவும் விடாது. முக்கியமான விஷயம், ஆத்தோட தரை இறங்கிட்டா ஊற்றுக்காலோட வாய் மேல அந்தரத்துல நிக்கும். வெள்ளமே வந்தாலும் வாய்க்காலுக்குள்ள ஏறாது. ஆத்தங்கரைக் கிணத்துத் தண்ணியும் ஆத்தைப் பார்த்து இறங்கிடும். பாலத்துத் தூணுக்கு அஸ்திவாரம் வெளியில தெரியும்.

கென்யாவில் மச்சாகோஸ், கிட்டூய் பக்கம் வறண்ட ஆத்துல சின்னச் சுவர் கட்டி, பின்னாடி மணல் சேரணும்னு வருஷக்கணக்கா காத்திருக்காங்க. மணல் சேர்ந்தாத்தான் தண்ணி சேரும்னு அவங்களுக்குத் தெரியுது. நமக்கு ஆண்டவன் சும்மா குடுத்த மணலை யூனிட் கணக்குல வித்துட்டோம். 2003ல் மணல் குவாரியை அரசாங்கமே கையில எடுத்துக்கிச்சு. தனியார் கொள்ளையை நிறுத்தறோம்னு சொல்லித்தான் எடுத்தாங்க. அதுக்கப்புறம் ரெண்டு கழக ஆட்சியும் மாறி மாறி வந்தாச்சு. 2017 நவம்பர்ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆறு மாசத்துல குவாரி எல்லாத்தையும் மூடுங்கன்னு தீர்ப்பு சொன்னது. மூடலை, அரசாங்கம் மேல்முறையீட்டுக்குத்தான் போச்சு. இதுல உள்குத்து தேட வேண்டாம், எல்லாக் கட்சிக்கும் சேர்த்துத்தான் குத்தறேன்.

பீவர் மண்ணைச் சேர்க்குது. நாம மண்ணை விக்கிறோம். இதுக்குப் பிறகும் பீவரைக் கொண்டு வாங்கன்னு கேட்டா, பீவரே சிரிக்கும்.

தடுப்பணை கோஷ்டிக்கு

தடுப்பணையே கூடாதுன்னு நான் சொல்லலை. வாயலூர்ல கடல்கிட்ட கட்டினது உப்புத்தண்ணி உள்ள ஏறாம தடுக்க ஆகும். வல்லிபுரம், ஈசூர், நம்ம பழையசீவரம் பக்கம் கட்டினதால சுத்துவட்டாரக் கிணறு ஊறுதுன்னு விவசாயிங்க சொன்னா நான் மறுக்கப்போறதில்லை. ஆனா "பாலாத்துல அஞ்சு கி.மீக்கு ஒரு தடுப்பணை"ங்கறது தீர்வு இல்லை, கோஷம். காரணம் மூணு.

ஒண்ணு. மணல் இல்லாத ஆத்துல தடுப்பணை வெறும் தொட்டி. நிரம்பும், ஆவியாகும், சேறாகும். மணல் இருந்தா அதே அணை பத்து மடங்கு உருப்படியா இருக்கும். அணைக்குப் பணம் கேக்கறவங்க முதல்ல மணலுக்குக் காவல் கேக்கணும்.

ரெண்டு. குப்பம் பக்கம் ஆந்திரா 33 கி.மீக்குள்ள 22 தடுப்பணை கட்டிட்டான்னு நாம கொதிக்கிறோம். 1892 ஒப்பந்தத்தைக் காட்டி 2006ல் கணேசபுரம் அணைக்கு எதிரா உச்ச நீதிமன்றம் போனோம். 2016ல் ஒரு தடுப்பணையை அஞ்சடியில இருந்து பன்னிரண்டடி உசத்தினப்போ திரும்பவும் போனோம். நியாயம்தான். ஆனா மேல இருக்கிறவன் மறிச்சா கீழ இருக்கிறவனுக்குத் தண்ணி குறையும்கிற விதி மாநில எல்லையில நின்னுடாது. வேலூர்க்காரர் வரிசையா மறிச்சா வாலாஜாபாத்துக்கு, வாலாஜாபாத் மறிச்சா செங்கல்பட்டுக்கு. தாம்பரம், பல்லாவரம் வரைக்கும் குடிக்கப்போற ஆத்துத் தண்ணி இது. ஒழுகற அணைக்கும் ஒழுகாத அணைக்கும் வித்தியாசம் இங்கதான் தெரியும்.

மூணு. எதைத் தேக்கப் போறோம்? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புக் கழிவைப் பத்தி உச்ச நீதிமன்றம் 1996ல் ஒரு தீர்ப்பு குடுத்தது. 29 வருஷம் கழிச்சு 2025 ஜனவரியில திரும்பவும் அதே பாலாறு, அதே கழிவுக்கு இன்னொரு தீர்ப்பு. இங்க காஞ்சிபுரம் ஊர்க் கழிவு வேகவதியில வந்து, திருமுக்கூடல்ல பாலாத்துலயே கலக்குது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம் புண்ணிய க்ஷேத்திரம். அந்த ஊர்க் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்து ஆதுலசாலைக் கல்வெட்டு இருக்கு. ஆயிரம் வருஷம் முன்னாடி ஆஸ்பத்திரி நடத்தின இடத்துல இன்னிக்கு வியாதியைத் தேக்கி வைக்கிறதுக்கு சிமெண்ட் எதுக்கு?

அப்ப என்னதான்யா பண்ணணும்கிறே?

பீவர் விஷயத்துல எனக்குப் பிடிச்சது ஒரே ஒரு குணம். ஸ்வீடனில் வில்சன்னு ஒரு ஆய்வாளர் ஸ்பீக்கர்ல தண்ணி ஓடற சத்தத்தைப் போட்டு விட்டார். பீவர் வந்து அந்த இடத்துலயே கட்ட ஆரம்பிச்சுடுச்சு. எங்க கசியற சத்தம் கேட்டாலும் அதுக்கு இருப்புக் கொள்ளாது. தினமும் மராமத்து. அது கட்டிட இன்ஜினியர் இல்லை, மெயின்டெனன்ஸ் ஆள். எங்க ஆணி புடுங்கற தொழில்லயே பார்க்கிறேனே, புது ரிலீசுக்கு கேக் வெட்டுவாங்க. பழைய கோடை ராத்திரி உட்கார்ந்து ஓட வைக்கிறவன் பேரு யாருக்கும் தெரியாது. ஆத்துக்கும் அதே கதைதான். அணைக்குக் கல்வெட்டு இருக்கு, மராமத்துக்கு எங்க இருக்கு?

நம்ம ஊர்ல அந்த வேலைக்கு ஆள் இருந்தாங்க. நீர்க்கட்டி, மடையர், கம்புகட்டின்னு ஊருக்கு ஊரு பேரு மாறும். குடிமராமத்துன்னு ஊரே சேர்ந்து தூர்வாரினதைப் பத்தி நாம எல்லாரும் பெருமையா பதிவு போடறோம். ஆனா உண்மையையும் சேர்த்துச் சொல்லணும். சேத்துல இறங்கினது யாரு, கரையில குடை பிடிச்சு நின்னது யாரு? 1858ல் வெள்ளைக்காரன் அதுக்குச் சட்டமே போட்டான், கூலியில்லாக் கட்டாய உழைப்பு. அதனால "பழைய குடிமராமத்து திரும்பணும்"னு யாராச்சும் கண்ணைத் துடைச்சுக்கிட்டா எனக்கு ஒத்து வராது. மராமத்து திரும்பட்டும், கூலியோட திரும்பட்டும். 2017 மார்ச்ல நம்ம மாவட்டத்து மணிமங்கலம் ஏரியிலதான் அந்தப் பேரோட புதுத் திட்டம் தொடங்கினாங்க. பேரு பழசு, நடைமுறை ஒப்பந்தப் பணி மாதிரியே போச்சுன்னு அப்பவே நிறைய பேர் கத்தினாங்க.

கூலி குடுத்துச் செஞ்சா நடக்குமான்னா, நடக்கும். வேலூர், திருவண்ணாமலை பக்கம் நாகநதியில நூறு நாள் வேலைத் திட்டத்துல ஊர்ப் பெண்கள் ஓடைக்குக் குறுக்கே கல் தடுப்பும் உறிஞ்சு கிணறும் போட்டு வத்தின ஆத்துக்கு உயிர் குடுத்தாங்க. 2021 செப்டம்பர்ல பிரதமர் மனதின் குரல்ல பேசற அளவுக்குப் போச்சு. நமக்கு வேண்டிய பீவர் அவங்கதான். வெளிநாட்டுல இருந்து கூண்டுல வர வேண்டியதில்லை, சம்பளத்தை மட்டும் ஒழுங்கா நாள் தவறாமப் போட்டா போதும்.

என் பட்டியல் இதுதான்.

1. பாலாறு, செய்யாறு ரெண்டுலயும் மணல் அள்ளறதை நிறுத்தணும். "ஒரு மீட்டர் மட்டும்", "சவுடு மட்டும்", "மாட்டு வண்டிக்கு மட்டும்"ங்கற கதையெல்லாம் பார்த்தாச்சு. வீடு கட்ட மணல் வேணாமான்னா, வேணும்தான். எம்-சாண்ட் இருக்கு. அதுக்கு மலையை உடைக்கணும்கிறதும் தெரியும், அதுக்கும் கணக்கு வேணும். ஆனா குடிக்கிற தண்ணித் தொட்டியை இடிச்சு வீடு கட்டறவன் உலகத்துல நாம மட்டும்தான்.

2. பணத்தைப் பெரிய ஆத்துல கொட்டறதுக்கு முன்னாடி, அதுல வந்து விழற ஓடை, ஓடைக்கால்ல சின்னச் சின்னதா, ஒழுகற மாதிரி கல்லும் மண்ணும் தழையும் போடணும். பத்து உடைஞ்சா உடையட்டும், மழை முடிஞ்சு திரும்பக் கட்டலாம்.

3. ஒவ்வொரு தடுப்பணை மதிப்பீட்டிலும் கட்டற செலவுக்குப் பக்கத்துல வருஷா வருஷம் மராமத்துச் செலவும், செய்யப்போற ஆளோட கூலியும் எழுதணும். அது இல்லைன்னா கோப்பைத் திருப்பி அனுப்பணும்.

4. மிச்சமிருக்கிற ஊற்றுக்காலைக் கணக்கெடுக்கணும். எங்க வாய் அந்தரத்துல நிக்குதுன்னு அளந்தாலே, ஆத்துல இருந்து எத்தனை அடி திருடு போச்சுன்னு தெரிஞ்சுடும்.

5. கரையில சீமைக்கருவேலத்தை எடுத்துட்டு நாணல், தாழை, நொச்சி வளர விடணும். கான்க்ரீட் கரை வேண்டவே வேண்டாம்.

விலங்கை வச்சு நிலத்தைக் காப்பாத்தறது நமக்குப் புதுசும் இல்லை. வேடந்தாங்கல் ஊர்க்காரங்க பறவையைச் சுடக்கூடாதுன்னு 1798லேயே கலெக்டர்கிட்ட எழுதி வாங்கினாங்க. பக்தி மட்டும் இல்லைங்க, பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குக் கணக்குத் தெரியும். நத்தைகுத்தி நாரைக்கு யாரும் திட்ட மதிப்பீடு போடலை. மரத்தை வெட்டாம, வேட்டு வைக்காம விட்டாங்க, அது வருது, வேலையைப் பார்க்குது. பாலாத்துக்கும் அதே மரியாதையைக் குடுங்க. ஒவ்வொரு வெள்ளத்துலயும் அந்த ஆறு மேலிருந்து மணலைக் கொண்டுவந்து தன் தரையைத் தானே உசத்திக்கப் பார்க்குது. நாம ராத்திரியோட ராத்திரியா லாரியில ஏத்தாம இருந்தாலே போதும்.

டிஸ்கி 1: எதிர்க்கருத்து இருக்கிறவங்க தாராளமா பின்னூட்டத்துல வாங்க. "நீ எந்தக் கட்சி"ன்னு ஆரம்பிக்கிற அனானிகளுக்கு மட்டும் பதில் கிடையாது.

டிஸ்கி 2: உங்க ஊர் ஆத்துல ஊற்றுக்காலுக்கு, கொரம்புக்கு என்ன பேருன்னு எழுதுங்க. சேர்த்து ஒரு தனிப்பதிவா போட்டுடலாம்.